ரோடேல் நிலையத்தின் கணக்கு ஈசூன் பாத்திக்குப் பொருந்துமா?

வெண்டைப்பாத்தி (ஈசூன்)

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டக் குழுவில் வாக்குவாதம் முற்றிக்கொண்டிருக்கிறது. வெண்டை, கத்திரி, கங்கோங், தண்டுக்கீரை, ஓரத்தில் பாண்டான், கறிவேப்பிலை என்று வளர்க்கிறோம். எல்லாம் உயர்த்திக் கட்டிய பாத்திகள். மண் பெரும்பாலும் மூட்டையில் வாங்கியது. இதுவரை தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15 என்ற இரசாயனக் கலப்பு உரமும் கோழி எரு உருண்டையும் போட்டு வந்தோம். அடுத்த மாதத்திலிருந்து இரசாயன உரமே கூடாது என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்று அமெரிக்காவின் ரோடேல் நிலையம் வெளியிட்ட ஆய்வு முடிவு: இயற்கை முறைக்கு மாறி ஏறக்குறைய ஐந்தாண்டில் விளைச்சல் சமமாகிவிடுகிறது, வறட்சி ஆண்டில் 40 விழுக்காடு வரை கூடுதலாகக் கிடைக்கிறது. மறுபாதிப் பேரோ, "அது இயற்கை வேளாண்மையைப் பரப்புவதற்கென்றே தொடங்கிய அமைப்பு, வேறு எப்படிச் சொல்லும்?" என்று கேட்கிறார்கள்.

இரு தரப்பும் அந்த ஆய்வை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. இலாப நோக்கில்லாத நிலையங்கள் இந்த ஆய்வுகளை எப்படி நடத்துகின்றன? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? நம் மண்ணுக்கும் மழைக்கும் அதில் எது பொருந்தும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.


கோவை அக்ரி

வேளாண்மை படித்துவிட்டு இங்கே வேறு வேலையில் இருக்கிறேன். ஆனால் இந்த ஆய்வைப் படிப்புக் காலத்திலிருந்தே பின்தொடர்கிறேன்.

ரோடேல் நிலையம் பென்சில்வேனியாவின் கட்ஸ்டவுன் என்ற ஊரில் இருக்கிறது. பதிப்பாளராக இருந்த ஜே.ஐ. ரோடேல் 1947இல் தொடங்கினார். அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். அந்த ஆங்கிலேயர் மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்தது நம் இந்தூரில், இந்திய உழவர்களைப் பார்த்துக் கற்று. நம் பக்கத்திலிருந்து போன அறிவுதான் அங்கே வயல் ஆய்வாகத் திரும்பியிருக்கிறது.

குழுவில் காட்டப்படும் எண்கள் 1981இல் தொடங்கிய நீண்டகால வயல் ஒப்பீட்டிலிருந்து வந்தவை. 12 ஏக்கரில் 72 மனைகள், அதாவது சோதனைக்கெனப் பிரித்த நிலத்துண்டுகள். மூன்று முறைகள்: இரசாயன உரமும் களைக்கொல்லியும் இட்டு மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுவது, கால்நடை எருவை நம்பிய இயற்கை முறை, எருவே இல்லாமல் பயறுவகைப் பசுந்தாளை மட்டும் நம்பிய இயற்கை முறை. அன்று தொடங்கிய அதே மனைகளில் இன்றும் நடக்கிறது.

எல்லாரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அங்கே ஒப்பிட்டது உர மூட்டைகளை அல்ல, முழுச் சாகுபடி முறைகளை. இயற்கை முறை மனைகளில் பயிர்ச்சுழற்சி நீளமானது, இடையிடையே மூடுபயிர் உண்டு, அதை மடக்கி உழுது மண்ணில் சேர்க்கிறார்கள். உங்கள் குழு செய்ய நினைப்பது 15-15-15ஐ நிறுத்திவிட்டு 'ஆர்கானிக்' என்று அச்சிட்ட வேறொரு மூட்டையை வாங்குவது. அதை ரோடேல் சோதிக்கவே இல்லை. ஆகவே அந்த எண்ணை வைத்து ஆதரித்துப் பேசினாலும் எதிர்த்துப் பேசினாலும் பேச்சு உங்கள் பாத்திக்குச் சம்பந்தமில்லாமல் போகிறது.


கணக்கர் தெம்பனிஸ்

கோவை அக்ரி சொன்னதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்க்கிறேன். ரோடேல் எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். சுவிட்சர்லாந்தில் ஃபிபிள் என்ற இயற்கை வேளாண்மை ஆய்வு நிலையம் 1973இல் தொடங்கியது. அதுவும் இலாப நோக்கில்லாதது, இயற்கை வேளாண்மைக்காகவே நடப்பது. அரசு ஆய்வகத்தோடு சேர்ந்து 1978 முதல் பாசல் நகருக்கு அருகில் தெர்வில் என்ற ஊரில் அவர்கள் நடத்தும் ஒப்பீட்டின் 21 ஆண்டு முடிவு 2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அதில் இயற்கை முறையில் விளைச்சல் 20 விழுக்காடு குறைவு என்று அவர்களே எழுதினார்கள்.

2012இல் 'நேச்சர்' இதழில் வந்த தொகுப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரியாக 25 விழுக்காடு குறைவு. பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 வரை. உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு விளைச்சல் குறைந்தால் என்ன என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இலங்கையை மறக்க வேண்டாம். 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நவம்பருக்குள் பின்வாங்க வேண்டியதாயிற்று.


கறிவேப்பிலை அக்கா

தெம்பனிஸ் தம்பி, சுவிட்சர்லாந்து ஆய்வில் பாதியைத்தானே சொன்னீர்கள்? அதே கட்டுரையில் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவாகச் செலவானது என்றும், பூச்சிமருந்து 97 விழுக்காடு குறைந்தது என்றும் இருக்கிறது. மண்புழு எடை கூடுதல். வேரோடு ஒட்டி வாழும் பூசணமும் 40 விழுக்காடு கூடுதல். ஐந்தில் ஒரு பங்கு விளைச்சலை விட்டுக்கொடுத்து, பாதி வரை இடுபொருளைச் சேமித்தார்கள் என்று படிக்க வேண்டும். நட்டமா இலாபமா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது.


ஹட்டன் பேரன்

இலங்கைப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் தாய்மாமன் குடும்பம் இன்னும் தேயிலைத் தோட்டப் பக்கம்தான் இருக்கிறது. அந்த ஆண்டு உரம் கிடைக்காமல் கொழுந்து குறைந்ததையும், கொழுந்து குறைந்தால் கூலி என்ன ஆகும் என்பதையும் அவர்கள் வாய்வழி கேட்டவன் நான். அதை வைத்து இயற்கை வேளாண்மையே பொய் என்று யாராவது முடிவு கட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இந்த ஆய்வு நிலையங்கள் எல்லாம் பல்லாண்டாகச் சொல்லிவருவதற்கு நேர்மாறாகத்தான் அங்கே நடந்தது. மாற்றத்துக்கு ஆண்டுகள் வேண்டும், முதல் சில பருவங்களில் விளைச்சல் விழும், மட்கும் பசுந்தாளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் ரோடேல் முதல் ஃபிபிள் வரை எல்லாருடைய பதிவேடும். அதைப் படித்த ஒருவரிடம் கேட்டிருந்தாலும் அந்த உத்தரவு வந்திருக்காது. உழவனைக் கேட்டிருந்தாலே போதும்.

ஈசூன் தோட்டக் குழுவும் "அடுத்த மாதத்திலிருந்து" என்கிறது. அளவு சிறிது, பிழை அதே பிழை.


கோவை அக்ரி

ஹட்டன் பேரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

"பரப்புரை அமைப்பு நடத்திய ஆய்வு" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணம் யாருடையது என்பதோடு நின்றுவிடக் கூடாது. உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் வயல் ஆய்வு இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே பிராட்பாக் என்னும் கோதுமை வயலில் 1843இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. தொடங்கிய ஜான் லாஸ் யார் தெரியுமா? சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு 1842இல் காப்புரிமை பெற்று, தொழிற்சாலை கட்டி விற்றவர். உர வியாபாரி தன் சொந்தப் பணத்தில் நடத்திய ஆய்வு. பின்னால் 1889இல் அறக்கட்டளை ஏற்படுத்தி அதன் கையில் ஒப்படைத்தார்.

அந்த உர வியாபாரியின் வயலில்தான் தொழு உரத்துக்கு ஆதரவான வலுவான சான்றுகளில் ஒன்று கிடைத்தது. ஆண்டுதோறும் தொழு உரம் மட்டும் இட்ட மனையில், எதுவுமே இடாத மனையை விட மண்ணின் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. அதே வயலில் சரியான அளவு இரசாயன உரம் இட்ட மனைகளும் தொழு உர மனைக்கு ஈடாக விளைந்தன. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே வயல் சொன்னது. மனைகளை யாரும் மாற்றவில்லை, மண் மாதிரிகளைப் பாட்டில்களில் அடைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள். லாஸ் காலத்தில் எடுத்த மண்ணை இன்றைய கருவியில் வைத்து அளக்க முடிகிறது. முதலாளியின் விருப்பம் எதுவாக இருந்தாலும் அத்தனை ஆண்டு சேர்ந்த மண்ணை வளைக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1939இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஈவ் பால்ஃபர் என்ற பெண்மணி ஹாலி என்ற ஊரில் ஓர் ஒப்பீட்டைத் தொடங்கினார். நல்ல நோக்கம், அபாரமான உழைப்பு. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு பெரிய நிலப்பகுதி. அதே முறையைத் திரும்பச் செய்து பார்க்கும் மறுபதிவு மனைகள் இல்லை. வேறுபாடு முறையால் வந்ததா, அந்தத் துண்டு நிலத்தின் இயல்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நல்லெண்ணம் இருந்தும் அமைப்பு சரியில்லாததால் சான்று பலவீனமாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, எந்த ஆய்வைப் படித்தாலும் நான் பார்ப்பது: ஒவ்வொரு முறைக்கும் பல மனைகள் உண்டா, எத்தனை ஆண்டு, எதை எதோடு ஒப்பிட்டார்கள், எண்களை வெளியாட்கள் சரிபார்க்க முடியுமா. ரோடேல் வயலின் தரவு 1998இல் 'நேச்சர்' இதழிலும் 2005இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் முன்னின்று எழுதிய கட்டுரையிலும் வந்திருக்கிறது. நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தை விட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள். வறட்சி ஆண்டில் கூடுதல் விளைச்சல் என்பது 2005 கட்டுரையிலும் உண்டு. ஆனால் அங்கே அது மக்காச்சோளத்துக்கு, 28 முதல் 34 விழுக்காடு வரை. எல்லாப் பயிருக்கும் 40 என்று நீட்டுவது நம் ஆட்கள் செய்வது.

இவ்வளவு காலம் ஒரே நிலத்தில் இருக்க வணிக நிறுவனத்தால் முடியாது, அதற்கு விற்கப் பொருளும் வேண்டும். பல்கலைக்கழக மானியம் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டில் முடிந்துவிடும். மண் அதற்குள் வாய் திறக்காது. இந்த வேலை அறக்கட்டளைகளின் தலையில் விழுந்ததற்கு அதுவே காரணம்.


பழைய கம்பத்துக்காரர்

ஐயா சொல்வதெல்லாம் குளிர்நாட்டு வயல். எங்கள் மண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று எழுதுகிறேன். நான் லிம் சூ காங் பக்கம் வளர்ந்தவன்.

சிங்கப்பூரின் இயல்பான மண் சிவந்தது, புளித்தது, இரும்பும் அலுமினியமும் நிறைந்தது. சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் பருவமழை ஒரு வாரம் விடாமல் கொட்டினால் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்து வடிகாலுக்குப் போய்விடும். கட்ஸ்டவுனில் குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும், மட்குவது நின்றுவிடும். இங்கே நிற்பதே இல்லை. பன்னிரண்டு மாதமும் வெப்பம், ஈரம். போட்ட இலைதழை கண்முன்னே கரைகிறது. பாத்தி நிரம்ப மட்கு கொட்டினால் சில மாதத்தில் பாத்தியே கீழே இறங்கிவிடுகிறது என்று எல்லாத் தோட்டக்காரரும் சொல்வார்கள்.

மண் களைத்துப்போன கதை இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் சீனத் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டி கம்பியரும் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி) மிளகும் போட்டார்கள். கம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும், அதற்கும் காடு போயிற்று. காய்ச்சிய இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டார்கள். அது ஒன்றுதான் மண்ணுக்குத் திரும்பியது. பதினைந்து இருபது ஆண்டில் மண் சோர்ந்ததும் நிலத்தைக் கைவிட்டு அடுத்த இடத்துக்கும், பிறகு ஜொகூருக்கும் போனார்கள். விட்டுப்போன இடமெல்லாம் லாலாங் புல் மண்டியது. அந்த மண்ணின் மேல்தான் பிறகு எல்லாம் வந்தன.

அதோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டையில் காலடியில் இருப்பது பெரும்பாலும் கட்டுமானத்தின்போது கொட்டி இறுக்கிய நிரப்பு மண். அதற்கு ரோடேல் எண்ணும் தெரியாது, சுவிட்சர்லாந்து எண்ணும் தெரியாது.


கணக்கர் தெம்பனிஸ்

பெரியவர் எழுதியதற்கு நன்றி. கம்பியர் விவரம் நான் அறியாதது. அப்படியென்றால் வெப்பமண்டலத்தில் இப்படி நீண்டகால ஒப்பீடே நடக்கவில்லையா?


கோவை அக்ரி

நடக்கிறது, சில இடங்களில். ஃபிபிள் நிலையமே உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து கென்யா, பொலிவியா, இந்தியா மூன்றிலும் நடத்துகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் கார்கோன் மாவட்டத்தில், 2007 முதல், பருத்தி, சோயா, கோதுமைச் சுழற்சி. முதல் நான்கு ஆண்டு முடிவு 2013இல் வெளிவந்தது. முதல் சுழற்சியில் இயற்கை முறைப் பருத்தி 29 விழுக்காடும் கோதுமை 27 விழுக்காடும் குறைவு. இரண்டாவது சுழற்சியில் இரண்டும் சமம். சோயா முதலில் 1 விழுக்காடு குறைவு, பிறகு 11 விழுக்காடு குறைவு. வருமானக் கணக்கில் முதல் சுழற்சியில் இரசாயன முறை 29 விழுக்காடு முன்னே, இரண்டாவதில் செலவு குறைந்ததால் இயற்கை முறை 25 விழுக்காடு முன்னே.

இதைப் பரப்புரைக்காரர் எடுத்தால் "இரண்டே சுழற்சியில் சமம்" என்று சுவரொட்டி அடிப்பார். ஆனால் கட்டுரையில் ஆய்வாளர்கள் தாமே எழுதியிருக்கிறார்கள்: இரண்டாவது சுழற்சியில் சமமானதற்குக் காரணம் இரசாயன முறை மனைகளின் விளைச்சல் இறங்கியது. தங்கள் கொள்கைக்குச் சாதகமான முடிவிலும் அந்த வரியை மறைக்காமல் எழுதிய இடத்தில்தான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

ஆனாலும் கார்கோன் மண் கரிசல். வெடிக்கும் களிமண், சத்தைப் பிடித்துவைக்கும். பெரியவர் சொன்ன சிவந்த புளித்த மண்ணுக்கு அதையும் நேராகப் பொருத்த முடியாது.


மரபு விதை (ஜூரோங் வெஸ்ட்)

இவ்வளவு நேரம் வெள்ளைக்காரர் ஆய்வையே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் அரசு வேலையில் இருந்தவர். அந்த ஆய்வுகளால் மானாவாரி உழவனுக்குப் பயனில்லை என்று வேலையை விட்டு வெளியேறியவர். கரூர் மாவட்டம் கடவூரில் வறண்டு கிடந்த நிலத்தில் வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணையை உருவாக்கினார். சென்னையில் 1995 முதல் இந்திய அறிவு அமைப்புகள் மையம் மரபு நெல்லையும் விருட்சாயுர்வேதம் என்ற பழைய பயிர் மருத்துவ முறையையும் வயலில் வைத்துச் சோதித்து வருகிறது. 1988இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் இலாப நோக்கில்லாததுதான். பஞ்சகவ்யம் தெளித்த பயிரின் பச்சையை ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டு இதழில் சான்று கேட்பது உழவர் அனுபவத்தை அவமதிப்பதாக எனக்குப் படுகிறது.


கணக்கர் தெம்பனிஸ்

அவமதிப்பில்லை. பஞ்சகவ்யம் தெளித்த செடியின் பக்கத்தில், அதே நாளில், வெறும் தண்ணீர் தெளித்த செடி இருந்ததா? அது மட்டும் தெரிந்தால் போதும். இருந்திருந்தால் எந்த இதழும் தேவையில்லை, உங்கள் சொல்லையே ஏற்றுக்கொள்கிறேன்.


மரபு விதை (ஜூரோங் வெஸ்ட்)

பக்கத்து வயல் இருந்தது. தண்ணீர் தெளித்த வரிசை என்று தனியாக வைக்கவில்லை. வைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. ஆனால் பக்கத்து வயலைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் நம் முன்னோர் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைப் பிரித்தெடுத்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நம்மாழ்வார் ஆய்வை வெறுத்தவர் அல்லர். ஆய்வு உழவனின் நிலத்தில், உழவனின் கேள்வியோடு நடக்க வேண்டும் என்று கேட்டவர்.


வெண்டைப்பாத்தி (ஈசூன்)

எல்லாருக்கும் நன்றி. உடனே ஒரு கேள்வி: இப்போதைக்குக் கோழி எருவை மட்டும் கூட்டிப் போட்டு 15-15-15ஐ நிறுத்தினால் போதாதா? குழுவில் பலரும் இதைத்தான் நடுவழி என்கிறார்கள்.


மண் ஆய்வகம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், மண் பரிசோதனைதான் என் வேலை.

வேண்டாம். செடிக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும், மணிச்சத்து அதைவிட மிகக் குறைவாகப் போதும். கோழி எருவில் மணிச்சத்தின் பங்கு அந்தத் தேவையை மீறி இருக்கிறது. தழைச்சத்துக்காகக் கணக்குப் பார்த்து எருவைக் கொட்டினால் ஒவ்வொரு முறையும் மணிச்சத்து மிஞ்சும். தழைச்சத்து மழையில் கரைந்து போய்விடும், மணிச்சத்து அவ்வளவு சுலபமாகப் போகாமல் அடுக்கடுக்காகச் சேரும். பல ஆண்டு எரு உருண்டை போட்ட பாத்தியில் அது தேவைக்குப் பல மடங்கு ஏறிக்கிடப்பது வழக்கமான ஒன்று. அப்படி ஏறினால் கறிவேப்பிலை அக்கா சொன்ன வேர்ப் பூசணம் ஒதுங்கிக்கொள்ளும். செடிக்கு மணிச்சத்து சும்மா கிடைக்கும்போது பூசணத்தின் உதவி அதற்குத் தேவையில்லை. இரும்பு, துத்தநாகம் கிடைப்பதும் தடைப்படலாம். கொழுந்து இலை வெளுப்பதைப் பார்த்து இன்னும் சத்துப் போதவில்லை என்று நினைத்து மேலும் எரு போடுவார்கள்.

எரு இயற்கைப் பொருள்தான். அளவு மீறினால் மண்ணுக்கு அதுவும் கேடு. பரிசோதிக்காமல் கூட்டாதீர்கள். தழைச்சத்துக்குப் பயறுவகையை நடுங்கள். தட்டைப்பயறு நம் வெயிலுக்கு நன்றாக வரும், காயும் கிடைக்கும். பசுந்தாள் உரப் பயிரான சணப்பு கிடைத்தால் பூ விடும் சமயத்தில் வெட்டி மூடாக்காகப் போடுங்கள்.

மண் நலத்தைப் பார்க்க ஆய்வகம் இல்லாமலும் ஒரு வழி உண்டு. பாத்தியின் பக்கத்தில் இருக்கும் இயல்பான மண்ணிலிருந்து கோலிக்குண்டு அளவுக் கட்டி ஒன்றை நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, சிறு கம்பி வலையின் மேல் கட்டியை வைத்து மெல்ல இறக்குங்கள். உயிரற்ற மண் என்றால் இறங்கிய உடனே ஓரங்களில் காற்றுக் குமிழிகள் சீறும், கட்டி உதிர்ந்து அடியில் சேறாகப் படியும், தண்ணீர் கலங்கிவிடும். வேரும் பூசண இழையும் பிணைத்த மண் என்றால் குமிழிகள் ஒவ்வொன்றாக வரும், கட்டி நனைந்தும் உருக்குலையாமல் இருக்கும், தண்ணீருக்கு அந்தப்புறம் இருப்பது தெரியும். ஆய்வு நிலையங்களிலும் இதன் திருத்தமான வடிவத்தைத்தான் செய்கிறார்கள். மூட்டையில் வாங்கிய தேங்காய் நார்க் கலவைக்கு மட்டும் இது உதவாது, அது கட்டியாகவே ஆகாது.


பழைய கம்பத்துக்காரர்

தம்பி, அமிலத்தன்மையையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே பலர் எருவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், சுண்ணாம்பை நினைக்கவே மாட்டார்கள். புளித்த மண்ணில் மணிச்சத்தை இரும்பு பிடித்துக்கொண்டு விடாது. மூட்டை மண்ணுக்கு இந்தத் தொல்லை குறைவு, தரை மண்ணுக்கு நிச்சயம் உண்டு.


கறிவேப்பிலை அக்கா

ஒன்று கேட்கிறேன். ரோடேலில் சமமாக ஐந்தாண்டு ஆயிற்று. தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்ட மனையில் குத்தகையே மூன்றாண்டு. பண்ணைகளுக்கும் நிலம் நிலையில்லை. லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் வேறு தேவைக்குப் போகிறது என்று 2014இல் அறிவித்தார்கள். மண்ணைத் தேற்றுகிறவன் பலனை அறுப்பதற்குள் மனையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் யார் அதில் உழைப்பைப் போடுவார்கள்? நீண்டகால மண் ஆய்வுக்கு இந்த ஊரில் பொருத்தமான இடம் சமூகத் தோட்டங்கள்தான் என்று நினைக்கிறேன். திட்டம் 2005இல் தொடங்கியது, ஆட்கள் மாறினாலும் பல தோட்டங்கள் அதே இடத்தில் இருக்கின்றன. ஒரு பாத்தியில் என்ன போட்டார்கள், என்ன விளைந்தது என்று பதிவேடு எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.


கோவை அக்ரி

அக்கா சொன்னதைத்தான் நானும் எழுத வந்தேன். ஈசூன் தோட்டத்தில் வாக்கெடுப்பு வேண்டாம். இரு தரப்புக்கும் பாத்தி கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே அளவுப் பாத்திகளை அடுத்தடுத்து இரண்டிரண்டாக இணை சேருங்கள். குறைந்தது நான்கு இணையாவது வேண்டும். ஏன் இணை என்றால், வீவக புளோக்கின் நிழல். இங்கே ஜூனில் வெயில் வடக்கே சாய்ந்து வரும், டிசம்பரில் தெற்கே. ஆறு மாதம் நல்ல வெயில் பட்ட பாத்தி அடுத்த ஆறு மாதம் புளோக்கின் நிழலில் கிடக்கும். இயற்கை முறைக்கு ஒரு வரிசை, இரசாயன முறைக்கு எதிர்வரிசை என்று பிரித்தால் நீங்கள் அளப்பது நிழலைத்தான். ஒவ்வோர் இணையிலும் எந்தப் பாத்திக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். குழுத் தலைவருக்குப் பிடித்த பாத்தி என்று ஒதுக்கக் கூடாது.

இரு முறையிலும் பயிர் ஒன்றே, நடும் நாள் ஒன்றே, தண்ணீர் ஒன்றே. வேறுபடுவது சத்து வரும் வழி மட்டும்: ஒன்றில் இப்போது போடும் 15-15-15, மற்றதில் அளவான மட்கு, மூடாக்கு, சுழற்சியில் தட்டைப்பயறு. பயறு போடும் பருவத்தில் மற்ற பாத்தியிலும் பயறே போடுங்கள், இல்லையென்றால் அறுவடையை ஒப்பிட முடியாது. இது ரோடேல் செய்ததை விடச் சின்னக் கேள்வி. உங்கள் குழு சண்டை போடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

பறித்த கீரையை உடனே தராசில் வையுங்கள். மண்ணுயிர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்க்க, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றை ஒரே அளவுத் துண்டுகளாகக் கிழித்து, எடை குறித்து, எல்லாப் பாத்தியிலும் ஒரே ஆழத்தில் புதையுங்கள். சில வாரம் கழித்து ஒரே நாளில் எடுத்து, அலசிக் காயவைத்து மறுபடி நிறுங்கள். குறைந்த எடை மண்ணுயிர்கள் தின்றது. சுவிட்சர்லாந்திலும் பொதுமக்களைக் கொண்டு உள்ளாடையைப் புதைத்து இதே சோதனையைச் செய்தார்கள், தேயிலைப் பைகளும் சேர்த்து. இங்கே துணி வேகமாகக் கரையும். நாள் கடத்தினால் எல்லாப் பாத்தியிலும் நூல்தான் மிஞ்சும், ஒப்பிட ஒன்றும் இருக்காது.


மரபு விதை (ஜூரோங் வெஸ்ட்)

இந்த ஏற்பாட்டில் எனக்கும் ஓர் இணை கொடுங்கள். பஞ்சகவ்யம் ஒன்றில், அதே அளவு தண்ணீர் மற்றதில். தெளிப்பவருக்கே எது எது என்று தெரியாமல் புட்டியில் எண் மட்டும் ஒட்டிக் கொடுங்கள். வாசனையில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் எடை போடுகிறவர் வேறு ஆளாக இருந்தால் சரியாகிவிடும். முடிவு என் பக்கம் வராவிட்டாலும் இதே இழையில் எழுதுகிறேன்.


கணக்கர் தெம்பனிஸ்

எடை போட நான் வருகிறேன். ஆனால் ஓர் இணை போதாது. ஹாலியில் நடந்தது போல ஆகிவிடும். உங்கள் ஜூரோங் தோட்டத்திலும் மூன்று இணை வையுங்கள்.


மண் ஆய்வகம்

மூடாக்கு ஈரமாகவே கிடக்கும் இடத்தில் தட்டு, வாளி, கவிழ்ந்த பிளாஸ்டிக் மூடி எதிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசு வந்தால் ஆய்வோடு தோட்டத்தையும் மூடிவிடுவார்கள். தொடங்கும் முன் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து, தேதி எழுதி மூடியிட்ட புட்டியில் வையுங்கள். ராதம்ஸ்டெட்டில் செய்தது அதுதான். பிறகு யாருக்காவது புதுக் கேள்வி வந்தால் தொடக்க மண் கையில் இருக்கும்.


வெண்டைப்பாத்தி (ஈசூன்)

குழுவில் பேசிவிட்டு வந்தேன். "அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தம்" என்ற தீர்மானத்தைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். நான்கு இணைப் பாத்தி கிடைத்துவிட்டது. ஐந்தாவது இணையின் மேல் முருங்கை நிழல் விழுகிறது, அதை விட்டுவிடுகிறோம். இரசாயன உரத்தை எதிர்த்தவர்களில் ஒருவரும் ஆதரித்தவர்களில் ஒருவரும் சேர்ந்து பதிவேடு எழுதுவார்கள். முதல் பயிராகத் தண்டுக்கீரை போடலாமா, வெண்டை போடலாமா?


கோவை அக்ரி

தண்டுக்கீரை. ஒரே நாளில் முழுதாகப் பிடுங்கி வேரை வெட்டி நிறுக்கலாம். வெண்டையைப் பல வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இடையில் யாராவது சமையலுக்குப் பறித்துப்போனால் கணக்குப் போயிற்று. விதையை எல்லாப் பாத்திக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுங்கள்.